திரும்பும் டிக்கெட்டுக்குப் போன் செய்ய வேண்டுமா?

கேள்வி: மகள் பிரசவத்துக்காக டொராண்டோ போகிறோம். திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு விமான கம்பெனிக்குப் போன் செய்து சீட்டை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறார் என் கணவர். இப்போதும் அப்படியா? – வாசகி, கும்பகோணம்

பதில்: தேவையில்லை அம்மா. ஆனால் அவரைக் கேலி செய்யாதீர்கள், ஒரு காலத்தில் அதுதான் சட்டம். சென்னையில் ஒரு டிராவல்ஸில் நான் கையால் டிக்கெட் எழுதிய 1980களில், 72 மணி நேரத்துக்கு முன்பே ‘வருகிறேன்’ என்று சொல்லாவிட்டால் பல கம்பெனிகள் சீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். டிக்கெட்டில் ‘ஓகே’ என்று இருக்கும், விமானத்தில் இடம் இருக்காது. என் சித்தப்பா இப்படித்தான் பேரீச்சம்பழப் பெட்டியோடு துபாயில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டார். டிக்கெட் எழுதியவன் நான். சித்தி இன்னும் மறக்கவில்லை.

2008 ஜூனில், விமான கம்பெனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டுக்கு விடை கொடுத்துவிட்டது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது புறப்படும் நேரம் மாறியிருக்கிறதா என்பதைத்தான். கம்பெனியின் வெப்சைட்டில் ஆறு எழுத்து பி.என்.ஆரைப் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் தன் நம்பரைப் பதிந்திருந்தால் செய்தி அவருக்குத்தான் போகும்; உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், போகும் விமானத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் திரும்பும் சீட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும். அப்படி ஆகும்போல் தெரிந்தால் உடனே போன் செய்யட்டும், உங்கள் கணவர்.