மங்கி எரியும் சிவப்பு விளக்கு
டிராக்டர் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது 1994-இல் வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. இரண்டு மாதங்களாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. பகலில் கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரவில் ஹெட்லைட்டைப் போட்டவுடன் பீடிக் கங்குபோலச் சிவந்துவிடுகிறது. ஹெட்லைட்டும் முன்புபோல் வெளிச்சம் தருவதில்லை. மெக்கானிக் சொன்னபடி புதிய பேட்டரி போட்டும் மாற்றமில்லை. இப்போது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரத்தநாடு வட்டார வாசகர்

பதில்: சற்றுப் பொறுங்கள். உங்களுக்கு வேண்டிய பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஹெட்லைட் போட்டதும் சிவப்பு விளக்கு கூடுதலாக எரிகிறது என்பதையும், அந்த ஹெட்லைட்டே மங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சந்தேகம் ஆல்டர்னேட்டரைவிட அதற்கும் சாவி சுவிட்சுக்கும் இடையிலுள்ள வழியின் மீதுதான் முதலில் விழ வேண்டும்.

அந்த விளக்கு பேட்டரியைச் சோதிக்கும் கருவி அன்று. அதன் ஒரு முனை சாவி சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறுகிறது; மறுமுனை ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் அல்லது டபிள்யூ எல் எனக் குறித்த டெர்மினலுக்குப் போகிறது. இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பில் வெட்டிய மடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலில் நீர் நின்று, மறு வயல் வறண்டிருந்தால் மடையில் நீர் பாய்கிறது. இரு பக்கமும் மட்டம் ஒன்றானால் ஓட்டம் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிவது, ஆல்டர்னேட்டர் பக்கம் வறண்டிருப்பதால். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் இருபுறமும் ஏறத்தாழ 14 வோல்ட் ஆகி, விளக்கு அணைகிறது.

உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் பக்கம் 14 வோல்ட் நிற்க, சாவிப் பக்கம் 12 வோல்ட்தான் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்து விளக்கை மங்கலாக எரிய வைக்கும். வழியில் 2 வோல்ட்டைத் தின்பது பெரும்பாலும் களிம்பு பிடித்த லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனை), தளர்ந்த நட்டு, அல்லது கரிந்த சுவிட்சு முனை. 45 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் அந்த வழியில் சுமார் 7.5 ஆம்பியர் ஓடுகிறது. கெட்டுப்போன ஓர் இணைப்பின் தடை வெறும் 0.3 ஓம் ஆக இருந்தாலும் 2 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே வீணாகிவிடும். வீணாவது வெப்பமாக மாறும். ஆகவே ஹெட்லைட்டைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாவி சுவிட்சின் பின்புறத்தையும், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் இரு நட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அது குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கையை நம்பாதவர்கள் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளக்கலாம். நானும் அதையே விரும்புவேன். எஞ்சின் சற்று வேகமாக ஓட, ஹெட்லைட் எரிய, சிவப்பு ஊசியை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் தடித்த டெர்மினலிலும், கறுப்பு ஊசியைச் சிவப்பு விளக்கின் சாவிப் பக்க முனையிலும் வையுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில்தான் கோளாறு. பிறகு சிவப்பு ஊசியை அங்கேயே விட்டுவிட்டு, கறுப்பு ஊசியைப் பேட்டரி பிளஸ், அம்மீட்டரின் உள்முனை, வெளிமுனை, சாவி சுவிட்சின் உள்முனை, வெளிமுனை என்று வரிசையாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் திடீரெனத் தாவுகிறதோ, அந்த இடத்துக்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் இருப்பதைக் கழற்றி, எமரி தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். சேற்றுழவில் கேஜ் வீல் வாரியிறைக்கும் தொளியும் நீரும் ஒயர் முனைகளுக்குள் புகுந்து, வெளியே உறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருப்பது டெல்டா வண்டிகளில் மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட முனையை ஒரு விரற்கடை வெட்டிவிட்டுப் புது லக் போடுவதே சரி. கழற்றும் முன், எஞ்சினை நிறுத்திப் பேட்டரியின் எர்த் ஒயரை எடுத்துவிட மறக்காதீர்கள்.

சுவிட்சே கரிந்திருந்தால் புதியதைப் போடுவதோடு நிற்காமல், ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு) வைத்து, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள். சுவிட்சின் பாரம் குறையும், வெளிச்சமும் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மீட்டர் கால் வோல்ட்டுக்குள் காட்டி, விளக்கு மட்டும் மங்கி எரிந்தால் ஆல்டர்னேட்டருக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று போயிருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் அது இன்னும் உறுதியான அடையாளம். அந்த நிலையில் இரவோடிரவாகப் பேட்டரி இறங்கிவிடும். அப்போதும் டையோடு தட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டே முழு ஆல்டர்னேட்டருக்குப் பணம் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்த்துச் ‘சார்ஜ்’ சோதிக்கும் பழக்கம், ஆல்டர்னேட்டருக்கு முன்பிருந்த டைனமோ காலத்தது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதைச் செய்தால், நன்றாக இருக்கும் டையோடும் அந்த நொடியில் போய்விடக்கூடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டோம். டேஷ்போர்டு பல்பு போனதால் அதே அளவில் எல்இடி வாங்கிப் போட்டேன். இப்போது ஸ்டார்ட் செய்தபின் ஆக்சிலேட்டரை ஒருமுறை நன்றாக முறுக்கினால்தான் சார்ஜ் ஏறுகிறது. ஏன்?
– மன்னார்குடி வாசகர்

பதில்: உங்கள் வண்டியில் அந்தப் பல்பு வெறும் அடையாளத்துக்கு இல்லை, ஆல்டர்னேட்டரின் சுழலிக்குத் தொடக்கக் காந்த ஆற்றலைத் தரும் மின்சாரமும் அதன் வழியாகவே செல்கிறது. 12 வோல்ட், 2.2 வாட் இழைப் பல்பு சுமார் 0.18 ஆம்பியரை விடும். எல்இடி விடுவது அதில் சிறு பங்குதான். எனவே வேகத்தைக் கூட்டி, இரும்பில் மீந்திருக்கும் காந்தத்தைக் கொண்டுதான் அது விழித்துக்கொள்கிறது. பழையபடி இழைப் பல்பு போடுங்கள். எல்இடியே வேண்டுமென்றால் அதற்கு இணையாக (பேரலலாக) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். அது சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கைத் தொடாமல் வையுங்கள். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்த பழைய கட்-அவுட் பெட்டி இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆல்டர்னேட்டருக்கு அது தேவையில்லை.

கேள்வி: ஆயில் மாற்றி, கசிந்துகொண்டிருந்த ஆயில் பிரஷர் சுவிட்சையும் கழற்றி மாட்டினார்கள். அதன் பிறகு சாவி போட்டதும் எரிய வேண்டிய ஆயில் விளக்கு எரிவதே இல்லை. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– திருவையாறு வாசகி

பதில்: கூடாது, அம்மா. எஞ்சின் நிற்கும்போது எரியாத விளக்கு, எஞ்சின் ஓடும்போதும் உங்களை எச்சரிக்காது. சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் எஞ்சின் இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நலம், கோளாறு சுவிட்சில். கசிவை நிறுத்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அந்தச் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப் அதைத் தடுத்துவிடுகிறது. டேப்பை எடுத்துவிட்டுச் செம்பு வாஷர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து, ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் அணைவதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை வயலில் இறக்குங்கள்.