நரீனா ட்ரோகன்: குரல் கேட்கிறது, பறவையைக் காணோமே?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் எஷோவே ஊரில் உள்ள டிலின்சா காட்டுக்குப் பறவை பார்க்கப் போவேன். நரீனா ட்ரோகன் கூப்பிடுவதைப் பலமுறை கேட்டும் ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. ஜூலையில் போனபோது குரலும் இல்லை. செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செல்போன் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். குரல் கேட்கும் இடம்வரை போய்விட்டீர்கள் அல்லவா, பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது. இனி எதைத் தேடுவது, எந்த உயரத்தில் தேடுவது என்பதுதான் பாக்கி.

முதலில், சிவப்பைத் தேடுவதை விட்டுவிடுங்கள். படங்களில் ஆணின் வயிறு ரத்தச் சிவப்பாக இருக்கும். காட்டிலோ அது பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டியபடிதான் உட்கார்ந்திருக்கும். அந்த முதுகு மினுமினுக்கும் இலைப்பச்சை. நிழலில் இலையோடு இலையாகிவிடும். போதாக்குறைக்கு, நிமிர்ந்து உட்கார்ந்தால் நிமிடக்கணக்கில் அசையாது. தலை மட்டும் மெல்லத் திரும்பும். ஆகவே நிறத்தை விட்டு உருவத்தைப் பிடியுங்கள்: கிளையிலிருந்து நேர்கீழாகத் தொங்கும் நீளமான வால். மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காக்கையைப் பார்த்திருந்தால் இந்த இருப்பு உங்களுக்குப் பழக்கமானதுதான். இரண்டும் ஒரே குடும்பம். பெண் பறவைக்கு முகமும் தொண்டையும் பழுப்பு, சிவப்பு அடிவயிற்றில் மட்டும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

அது எங்கே உட்காரும் என்பதை அதன் சாப்பாடு சொல்லிவிடும். கம்பளிப்பூச்சி, வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, சில சமயம் சிறு பச்சோந்தி. ஒரே இடத்தில் காத்திருந்து, இரையைக் கண்டதும் பாய்ந்து, இலையிலிருந்து கொத்திக்கொண்டு போகும். கால்கள் சிறியவை, வலுவற்றவை. கிளைகளில் தாவித் திரிந்து இரை தேட அவை உதவா. அதனால் முன்னால் கொஞ்சம் திறந்த வெளி உள்ள கிளையோ கொடியோதான் அதற்குத் தோது. மர உச்சியில் அல்ல, உச்சிக்குக் கீழே நடு அடுக்கில். ஒற்றையடிப் பாதை, ஓடை, விழுந்த மரம் விட்டுப்போன இடைவெளி, இவற்றின் ஓரங்களைப் பாருங்கள்.

டிலின்சாவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்குள்ள 125 மீட்டர் நீள நடைபாலம் தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில் போகிறது. பலரும் நேராக அதன் முடிவிலுள்ள 20 மீட்டர் கோபுரத்தில் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து மரங்களின் தலைதான் தெரியும். ட்ரோகனுக்குப் பாலம்தான் சரியான இடம். அண்ணாந்து பார்க்காமல் கண் மட்டத்திலும் சற்றுக் கீழேயும் பைனாகுலரை மெதுவாக ஓட்டுங்கள்.

குரல் தாழ்ந்து கரகரப்பாக, 'ஹூ-ஹூக், ஹூ-ஹூக்' என்று இரட்டை இரட்டையாக வரும். போகப்போக உரக்கும், பிறகு நின்றுவிடும். புறா என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. திசை பிடிபடாமல் ஏமாற்றுவதும் இந்தக் குரல்தான். ஓரிடத்தில் நின்று கேட்டுத் திசையை மனதில் குறியுங்கள். பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி கேளுங்கள். இரண்டு திசைகளும் சந்திக்கும் பகுதியை மட்டும் கிளை கிளையாகத் தேடுங்கள். பேச்சும் வேகமான கையசைவும் கூடாது.

ஜூலை மௌனத்துக்குக் காரணம் பருவம். தென்னாப்பிரிக்காவில் இது கூப்பிடுவது பெரும்பாலும் இனப்பெருக்க காலத்தில், அதாவது அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூலையை ஒட்டிவரும் அங்கத்திய குளிர்காலத்தில் சில பறவைகள் உயரமான காடுகளை விட்டுக் கடலோரத்துக்கும் ஆற்றங்கரை மரங்களுக்கும் இறங்கிவிடும். பெரிய மரங்கள் உள்ள தோட்டங்களுக்குக்கூட வருவதுண்டு. அந்த மாதங்களில் டர்பனை ஒட்டிய கடலோரக் காடுகளில் பாருங்கள்.

இப்போது செல்போன் விஷயம். இந்தப் பறவை பழைய மரங்களின் இயற்கைப் பொந்தில் 2 முதல் 4 முட்டை வரை இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். பகல் முறை பெரும்பாலும் ஆணுடையது. நீங்கள் குரலை ஒலிக்கவிட்டால் வேறோர் ஆண் எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக எண்ணி அதுவும் வரும். ஆனால் யாரை முட்டையிலிருந்து எழுப்பினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு படத்துக்காக இதைச் செய்வது தவறு என்றே நினைக்கிறேன். இயற்கைக் காடு தென்னாப்பிரிக்காவின் நிலப்பரப்பில் 1 சதவீதம்கூட இல்லை. பொந்துள்ள முதிய மரங்கள் அதிலும் குறைவு; தைல மரத் தோப்புகள் அதற்கு ஈடாகா.

அக்டோபர் கடைசியில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அலகில் புழுவோடு ஒரு பறவை காத்திருப்பதைக் கண்டால் அருகில் கூடு இருக்கிறது என்று பொருள். அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.