காது படத்தில் ஏன் அந்த 'டி'?

கேள்வி: டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒரு காது படம், குறுக்கே கோடு, ஓரத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து. காது கேளாதவர்கள் இங்கே வரக்கூடாது என்று அர்த்தமா சார்? சக்கர நாற்காலி படம் போட்ட இருக்கையில் நடந்து வருகிறவர்களும் உட்காருகிறார்களே?

பதில்: நேர் எதிர்! 'உங்களுக்காகத்தான், வாருங்கள்' என்கிறது அந்தப் படம். 'டி' என்றால் டெலிகாயில். காதுக் கருவிக்குள் இருக்கும் குட்டிக் கம்பிச்சுருள். கவுன்ட்டர்காரர் மைக்கில் பேசுவதை அங்கே பதித்த கம்பி வளையம் காந்தப்புலமாக அனுப்பும். சுருள் அதை வாங்கிக்கொள்ளும். நானும் கருவி மாட்டியவன்தான். 'டி' நிலைக்கு மாற்றினால் வரிசையின் இரைச்சல் அடங்கி, அவர் குரல் காதருகே ஒலிக்கும். சில இடங்களில் படம் மட்டும் பளிச்சென்று இருக்கும், வளையத்தை ஆன் செய்திருக்க மாட்டார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, நாற்காலி. 1968-ல் டென்மார்க் மாணவி சூசன் கோஃபோட் அதை வரைந்தபோது உருவத்துக்குத் தலையே இல்லை! வட்டத் தலை அப்புறம் சேர்ந்தது. பொதுவாக அது எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்குமான அடையாளம். செயற்கைக் காலும் மூட்டு நோயும் பேன்ட்டுக்கு வெளியே தெரியாது, அவர்களை முறைக்காதீர்கள். ஆனால், சக்கர நாற்காலி நிறுத்த விட்ட காலி இடத்தில் பெட்டியை வைப்பவரைத் தாராளமாக முறைக்கலாம்.