கம்ப்யூட்டர் இல்லாத 1900களில் குழந்தைகளுக்குத் தொற்று நோய் பரவுவதை எப்படிக் கண்காணித்தார்கள்?

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கேட்டது போலத் தெரிகிறது. இரண்டு மார்க் பதில்: நோட்டும் நடையும். கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

இங்கிலாந்தில் 1889 சட்டப்படி, தொண்டை அடைப்பான், ஸ்கார்லெட் காய்ச்சல் மாதிரி நோயைப் பார்க்கிற டாக்டர் உள்ளூர் சுகாதார அதிகாரிக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். 1899 முதல் நாடு முழுக்க அது கட்டாயம். அமெரிக்காவில் நோய் கண்ட வீட்டு வாசலிலேயே எச்சரிக்கை அட்டை அடித்தார்கள். 1916இல் நியூயார்க்கில் போலியோ சுமார் 9,000 பேரைப் பிடித்தபோது பேப்பரில் பெயர், விலாசம் எல்லாம் போட்டார்கள். தனி அறை இல்லாத வீட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தாய்மார் என்ன செய்வார்கள்? பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள்.

எங்கள் பக்கம் அட்டையே வேண்டாம். அம்மை போட்டால் வீட்டுக்காரர்களே வாசல் நிலையில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் தட்டம்மை. "யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்றால் வீட்டுக்கு வீடு "இல்லைங்க". ஆத்தா வந்திருக்கும்போது ஊசிக்காரியிடம் யார் சொல்வார்கள்? அப்புறம் நிலையைப் பார்த்தே நடந்தேன். கொத்து பச்சையாக இருந்தால் புதுசு. சருகாகிச் சுருண்டிருந்தால் தண்ணி ஊற்றுகிற நாள் நெருங்கிவிட்டது. பச்சைக் கொத்தெல்லாம் பால்வாடித் தெருவில்தான். திண்ணைப் பாட்டியிடம் "ஆத்தா எப்ப இறங்கினா?" என்று கேட்டேன், கிழமையோடு வந்தது பதில். முதல் வீடு எது, அடுத்தது எது என்று நோட்டில் வரிசை வந்துவிட்டது. அம்மை கண்ட பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ, ஊசி போடாமல் விட்ட பிள்ளைகளுக்கு ஊசி.

வேப்பிலை தட்டம்மையைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே அது பரவும், கொத்து செருகுவதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். படித்தவர்கள் சிரித்த அந்தக் கொத்தை வைத்துத்தான் நான் வேலை பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த இங்கிலாந்து டாக்டருக்கு, தன் சொந்த நோயாளி என்றால் சீட்டு ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் கொடுத்தார்களாம். படித்தபோது வயிறு எரிந்தது. எங்களை நோட்டிலும் எழுது, அதையே செல்போனிலும் ஏற்று என்றார்கள். ரீசார்ஜ் சொந்தக் காசு. பஸ் போகாத ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போன பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. கேட்டால், ஒரிஜினல் ரசீது வேண்டுமாம். ஷேர் ஆட்டோக்காரர் எங்கே ரசீது கொடுத்தார்?