மண்ணைக் காக்கும் மாவட்டங்கள்

கேள்வி: அமெரிக்காவின் ‘மண் பாதுகாப்பு மாவட்டம்’ என்பது அரசு அலுவலகமா, உழவர் சங்கமா?

பதில்: மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்தாலும், பெரும்பாலும் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே நடத்தும் அமைப்பு அது. 1930களில் புழுதிப் புயல்கள் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பெருஞ்சமவெளியின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போன கொடுமையைக் கண்டு, மண்ணியலாளர் ஹியூ ஹாமண்ட் பென்னட் இடைவிடாது வற்புறுத்தியதால் 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் நிலம் தனியாரிடம் இருந்ததால் உழவர்களின் ஒத்துழைப்பு இன்றியமையாததாயிற்று. ஆகவே அதிபர் ரூஸ்வெல்ட் 1937இல் இத்தகைய மாவட்டங்களை அமைப்பதற்கான ஒரு மாதிரிச் சட்டத்தை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். அவ்வாண்டே வட கரோலினாவில், பென்னட் பிறந்த வட்டாரத்திலேயே, முதல் மாவட்டமான பிரவுன் கிரீக் உருவானது. இன்று ஏறத்தாழ 3,000 மாவட்டங்கள் உள்ளன. சரிவுக்குக் குறுக்கே உழுதல், மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் மூடுபயிர், ஓடைக்கரை மரங்கள் ஆகியவற்றில், விரும்பிக் கேட்கும் உழவருக்கு மாவட்டத்தினர் அவரது வயலுக்கே வந்து வழிகாட்டுகிறார்கள். கட்டாயப்படுத்தாத இந்த அணுகுமுறையையே நான் பெரிதும் மதிக்கிறேன்.