பிள்ளை கையில் காசு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: மகன் இரண்டாவது படிக்கிறான். கையில் காசு கொடுத்தால் பெட்டிக்கடையிலேயே தீர்த்துவிடுகிறான். நிறுத்திவிடலாமா சார்?

பதில்: வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை 20 ரூபாய், சில்லறையாகக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமையே தீர்த்துவிட்டானா, அடுத்த ஞாயிறு வரை கிடையாது. தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். முக்கால்வாசி வீடுகளில் ஓட்டை அங்கேதான்.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகளுக்குப் பொங்கல், பிறந்தநாள் என்று வந்த 6,000 ரூபாயை நானே வாங்கி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: அவள் பணம் அவள் பெயரில் இருக்கட்டும். 10 வயது ஆனவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மறுபடி தெளிவாக்கியது. எவ்வளவு தொகை வரை என்பது வங்கிக்கு வங்கி மாறும். போஸ்ட் ஆபீஸிலும் 500 ரூபாயில் தொடங்கலாம்.

கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் சலானை அவளே எழுதட்டும். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் கொஞ்சம் திணறுவாள், பேனாவைப் பிடுங்காதீர்கள். பிறகு ஒருநாள் பாஸ்புக்கில் வட்டி என்று ஒரு வரி விழும். "இதை யார் போட்டது?" என்று கேட்பாள். வட்டியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கேள்வி: செல்வமகள் திட்டத்தில் கட்டுகிறோமே, அது போதாதா?

பதில்: நல்ல திட்டம். 15 வருஷம் கட்டவேண்டும், 21 வருஷத்தில் முதிரும். ஆனால் சேமிப்பது நீங்கள்தான், அவள் இல்லை.

கேள்வி: மார்க் எடுத்தால் காசு கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தட்டு கழுவினாலும் கூடாது, சாப்பிட்டவர் கழுவவேண்டியதுதான். பழைய பேப்பரைக் கட்டி எடைக்குப் போட்டானா, அந்தக் காசு அவனுக்கு.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் பையன் என் போனில் கேம் விளையாடி 1,800 ரூபாயைக் காலி செய்துவிட்டான்.

பதில்: முதலில் பின் நம்பரை மாற்றுங்கள். எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி ஆப் ஸ்டோரில் அமைத்துவிடுங்கள். அப்புறம், போனதில் பாதியை அவன் வாரக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடி வேண்டாம்.

கேள்வி: நகைக்கடன் கட்டுவதால் மகளுக்கு இந்த மாதம் ஷூ வாங்க முடியவில்லை. கடனைப் பற்றிச் சொல்வதா, மறைப்பதா?

பதில்: சொல்லுங்கள். ராத்திரி நீங்கள் இருவரும் குரல் உயர்த்தும்போது அரைகுறையாகக் காதில் விழுந்தால்தான் பயப்படுவாள். எவ்வளவு கடன், எப்போது முடியும் என்று பகலில் சாதாரணமாகச் சொல்லுங்கள். ஷூ எந்த மாதம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.