குளிர்காலத்துச் சராசரி வேகம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருநெல்வேலிக்காரன். ஆறு ஆண்டுகளாகத் தென்மேற்கு லண்டனில் நியூ மால்டனில் வசிக்கிறேன். மிதிவண்டி பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் இரண்டு கோடைகளுக்கு முன்பு ஒரு ரோடு பைக் வாங்கினேன். கடந்த ஜூனில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான 54 மைல் பயணத்தை, கடைசியில் வரும் டிச்லிங் பீக்கன் ஏற்றத்தில்கூட இறங்கித் தள்ளாமல் முடித்தேன். வருகிற மே மாதம் 200 கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்க எண்ணியிருந்தேன். அக்டோபர் கடைசியில் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய நாளோடு எல்லாம் தளர்ந்துவிட்டது. ரிச்மண்ட் பூங்காவில் கோடையில் மணிக்கு 27 கிலோமீட்டராக இருந்த என் சராசரி வேகம் நவம்பரில் 24 ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு உழைப்பு கரைகிறதே என்று நினைக்கும்போது வண்டியை எடுக்கவே மனம் வருவதில்லை. வீட்டுக்குள் மிதிப்பதற்கு ஒரு டர்போ டிரெய்னரும் வாங்கினேன். இருபது நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் ஊக்கம் குறையாமல் பயிற்சி செய்ய என்ன வழி?

ச., நியூ மால்டன்

அன்புள்ள ச.,

ஊக்கத்துக்கு வழி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் உண்மையில் உறுத்திக்கொண்டிருப்பவை 27, 24 என்ற இரண்டு எண்கள்தாம். முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.20 கிலோ, 3 டிகிரியில் அது 1.28 கிலோ. நீங்கள் செல்லும் வேகத்தில் சமதளத்தில் உங்கள் கால்கள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போகிறது என்பதால், அதே ஆற்றலில் மிதித்தாலும் காற்றின் அடர்த்தி மட்டுமே மணிக்கு அரைக் கிலோமீட்டர் அளவுக்கு உங்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது. எஞ்சியதைப் பல சிறு திருடர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். குளிரில் இறுகிய டயர் ரப்பர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் ஆற்றலை விழுங்குகிறது. காற்றில் புடைக்கும் மழைச்சட்டை, சேறு தெறிக்காமலிருக்க மாட்டிய மட்கார்டு, ஈர இலைகள் கிடக்கும் வளைவில் உங்களை அறியாமலேயே நீங்கள் பிடிக்கும் பிரேக், சூடேறாத தொடைத் தசைகள் என எல்லாம் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டர் குறைவதில் வியப்பில்லை. என் பதிவேட்டிலும் ஆண்டுதோறும் டிசம்பருக்குள் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் காணாமற்போகும். மார்ச் கடைசியில், நான் எதுவும் புதிதாகச் செய்யாமலேயே, திரும்பி வந்துவிடும். முதல் இரண்டு குளிர்காலங்களில் இது தெரியாமல், 27ஐ எட்டியே தீர்வது என்று ஒவ்வொரு முறையும் முழு மூச்சில் மிதித்து, ஜனவரியில் முழங்கால் வலியோடு படுத்துக் கிடந்தவன் நான்.

உழைப்பு கரைகிறது என்ற உங்கள் அச்சம் முழுதும் பொய்யில்லை. அது வேறோர் இடத்தில் உண்மையாகிறது. 1984இல் எட்வர்ட் கோய்லும் அவருடைய குழுவினரும் நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் செய்து அளந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரங்களில் 7 சதவீதமும், எட்டு வாரங்களில் 16 சதவீதமும் குறைந்து, பிறகு அங்கேயே நின்றது. தொடக்கத்தில் ஏற்பட்ட சரிவுக்குப் பெரும்பாலும் காரணம், இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைந்ததுதான். அவர்கள் மெதுவாக மிதித்தவர்கள் அல்லர், மிதிப்பதையே விட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதே காலகட்டத்தில் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வுகள் இன்னும் ஆறுதலானவை. பயிற்சி நேரத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினாலும், கடுமையை மட்டும் விட்டுக்கொடுக்காவிட்டால் இந்தத் திறன் பல வாரங்களுக்கு நிலைத்திருந்தது. நெடுந்தூரம் தாங்கும் வலிமை ஓரளவு குறையத்தான் செய்யும். அதை மார்ச், ஏப்ரலில் மீட்டுக்கொள்ளலாம். உங்கள் பயணம் மே மாதத்தில்தானே?

டர்போ டிரெய்னர் அலுத்துப்போவதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. அதில் ஏறி, கோடையில் பூங்காவைச் சுற்றுவதுபோல ஒரே சீராக மிதித்தால் யாருக்கும் இருபது நிமிடத்தில் சுவர்க் கடிகாரம்தான் கண்ணில் படும். அதைக் குறுகிய கடுமையான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மெதுவாக. பிறகு பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்க ஐந்து நிமிடம், இளைப்பாற மூன்று நிமிடம் என நான்கு முறை. கடைசியில் சில நிமிடம் கால்களைத் தளரவிட்டு இறங்கிவிடலாம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். முன்னால் ஒரு மின்விசிறியைக் கட்டாயம் வையுங்கள். சாலையில் காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. அறைக்குள் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாததால் பத்தாவது நிமிடத்திலேயே உடல் கொதித்துவிடுகிறது. அதைத்தான் பலரும் அலுப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். வீட்டுக்குள் மிதிப்பவர்களுக்கான ஸ்விஃப்ட் செயலியில் வட்டோபியா என்ற கற்பனைத் தீவைச் சுற்றி வருவது சிலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்குக் கிரிக்கெட் வர்ணனை போதும்.

வெளியே செல்வதற்கு வருகிறேன். நம் ஊரில் யாரும் சித்திரை வெயிலில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியை எடுத்துவிட்டு, எனக்கு ஊக்கம் குறைந்துவிட்டது என்று புலம்புவதில்லை. சென்னையில் மிதிவண்டிக் குழுக்கள் விடிவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் இட்லிக் கடைக்கு வந்துவிடுகின்றன. வெயிலுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்த நாம் இருட்டுக்கு ஏன் மாற்றிக்கொள்வதில்லை? இங்கே டிசம்பர் 21 அன்று பகல் என்பது 7 மணி 50 நிமிடம்தான். அலுவலகம் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு என்றால், வாரத்தில் ஒருநாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளின் மதிய உணவு நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிச்மண்ட் பூங்காவின் ஒரு சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். போக வர ஆகும் நேரத்தோடு அந்த ஒரு மணி அதற்குச் சரியாகப் போதும். இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. லண்டனில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 12ஐ ஒட்டி, மாலை 3:51க்கு. அதாவது, ஆண்டின் மிகக் குறுகிய பகல் வருவதற்கு முன்பே மாலை நீளத் தொடங்கிவிடுகிறது. காலை மட்டும் புத்தாண்டு வரை பிந்திக்கொண்டே போகும். மாலையில் ஓட்டுபவர்கள் கிறிஸ்துமஸ் நேரத்திலேயே மூன்று நான்கு நிமிட வெளிச்சத்தை வட்டியாகப் பெற்றுவிடுகிறோம். வெயிலைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சேர்த்துவிடுகிறேன்: இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள இந்நாட்டு அரசு மருத்துவத் துறை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறது, நம்மைப் போன்ற கருநிறத்தவர்கள் ஆண்டு முழுவதுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது. சோர்வுக்கெல்லாம் அதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை.

இரவில் ஓட்டினால் பூங்காவுக்குள் தெருவிளக்கு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே 600க்கும் மேற்பட்ட மான்கள் இருக்கின்றன. விளக்கொளி படும்போது இரண்டு பச்சைப் புள்ளிகள் முதலில் தெரியும், அதன் பிறகுதான் அவற்றுக்குப் பின்னால் ஓர் உடல் இருப்பது புரியும். அந்த இரண்டு புள்ளிகளைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

குளிரைவிடப் பனிப்படலத்துக்கு அஞ்சுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில், மரங்கள் கவிந்த ஒரு கிராமத்துச் சாலை வளைவில், வெறும் ஈரம் என்று நான் நினைத்த இடத்தில் முன்சக்கரம் சத்தமே இல்லாமல் விலகிப்போனது. விழுந்தது தெரியவில்லை, ஏற்கெனவே தரையில் சறுக்கிக்கொண்டிருப்பதுதான் தெரிந்தது. இடுப்பில் நீலம் பாரித்தது மறைய மூன்று வாரம் ஆயிற்று. முதன்மைச் சாலைகளுக்குத்தான் இரவில் உப்பு தூவுகிறார்கள், கிளைச் சாலைகளுக்கு இல்லை. இரவில் ஈரம் இருந்து, காலையில் வெப்பம் 3 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று டர்போதான் என்று அதன் பிறகு எனக்கு நானே சட்டம் வைத்துக்கொண்டேன். எடுப்பதா வேண்டாமா என்று படுக்கையில் கிடந்து வாதிடும் வேலையும் இந்தச் சட்டத்தால் குறைந்தது. மற்ற நாட்களில் விரல்களையும் முழங்கால்களையும் மூடிக்கொண்டால் போதும், உடம்பு பத்து நிமிடத்தில் தானே சூடாகிவிடும். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் வண்டியைக் கழுவிச் சங்கிலியைத் துடையுங்கள். அந்தச் சாலை உப்பு இரண்டே நாளில் சங்கிலியைச் செம்பழுப்பாக்கிவிடும்.

இனி, வேகத்தை விட்டால் எதை அளப்பது? குளிர்காலத்துக்கென்றே ஐரோப்பாவில் ஒரு பந்தயம் பிறந்தது. வயலிலும் சேற்றிலும் ஓட்டி, ஓட்ட முடியாத இடத்தில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் சைக்ளோ-கிராஸ் அது. பிரான்சில் அதன் முதல் தேசியப் போட்டி 1902இல் நடந்தது. 1910இல் டூர் தெ பிரான்ஸை வென்ற ஒக்தாவ் லாபீஸ் தம் வெற்றிக்கு அந்தக் குளிர்காலச் சேறுதான் காரணம் என்றார். சேற்றில் சராசரி வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பெயர் கொடுக்க நினைக்கும், பந்தயமாக இல்லாமல் காலவரம்புக்குள் முடித்தால் போதும் என்ற ஆடாக்ஸ் வகை நெடும்பயணங்களும் அப்படித்தான். 200 கிலோமீட்டருக்குக் காலவரம்பு 13 மணி 30 நிமிடம். தேநீருக்கு நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டியதில்லை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே முத்திரைதான். பிரிட்டனின் ஆடாக்ஸ் அமைப்பில், தொடர்ந்து பன்னிரண்டு மாதங்களும் மாதம் ஒரு 200 கிலோமீட்டராவது ஓட்டி முடிப்பதற்கென்று ஒரு விருது உண்டு. டிசம்பரும் ஜனவரியும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம் என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. மழை நாளில் அவர்களை வெளியே இழுப்பது நாள்காட்டியில் காலியாகக் கிடக்கும் கட்டம். உங்களுக்கு இப்போதே அது வேண்டாம். பிப்ரவரி கடைசி வரை மாதம் ஒரு 60 கிலோமீட்டர், வாரம் மூன்று முறை வண்டியில் ஏறுவது என்று உங்கள் கட்டங்களை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வேகம் காட்டும் கருவியின் திரையில் நேரம் மட்டும் தெரியும்படி மாற்றிவையுங்கள். 27ஐ ஏப்ரலில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

கூட ஓட்ட ஆள் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரிச்மண்ட் பூங்காவின் கிங்ஸ்டன் வாயிலருகே நான் நிற்பேன். இரண்டு சுற்று, பிறகு காபி. உறைபனி இருந்தால் பதினொன்றுக்கு.